மலைச் சைக்கிள் டயர்: அகலமா, பட்டனா, காற்றா?

கேள்வி
9 ஜூலை 2023, காலை

கோயம்புத்தூரில் இருக்கிறேன். 29 இன்ச் மலைச் சைக்கிள் வாங்கி ஒன்பது மாதமாகிறது. அதனுடன் வந்த 2.1 இன்ச் அகல டயர்தான் இன்னும் ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்குக் கீழே, தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் இறங்கும்போது, வளைவில் முன்சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிட்டது. முழங்கையில் ஆறு தையல். டயர் அகலமானால் தரையில் படும் பரப்பு கூடும், பரப்பு கூடினால் பிடிப்பும் கூடும் என்பது என் எண்ணம். 2.4 போதுமா, 2.6 வரை போகலாமா? ட்யூப்லெஸ் அவசியமா, அல்லது அது வியாபாரிகள் கிளப்பிவிட்டதா?

பதில்
9 ஜூலை 2023, இரவு

டயருக்குள் எத்தனை பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று இருந்தது என்பதை நீங்கள் எழுதவில்லை. விழுந்ததற்கான காரணம் பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். பரப்பைப் பற்றிய உங்கள் கணக்கு எல்லோரும் போடுகிற கணக்குதான். நானும் நான்கு ஆண்டுகளுக்கு முன் அதையே போட்டுப் பணத்தை விட்டேன். சக்கரத்தின் மேல் விழும் பாரத்தைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதுதான், ஏறத்தாழ, தரையில் படும் பரப்பு. டயரின் அகலம் அந்த வகுத்தலில் எங்கும் வருவதில்லை. அகல டயரின் தடம் குட்டையாகவும் பரந்தும் இருக்கும், ஒல்லி டயரின் தடம் நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும், அவ்வளவுதான்.

10 ஜூலை 2023

45 என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். கடையில் டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் உச்ச அளவைப் பார்த்துவிட்டு, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்தியிருப்பார்கள். அந்த எண், இதற்கு மேல் காற்றடிக்காதே என்ற எச்சரிக்கையே தவிர, இவ்வளவு காற்றடி என்ற அறிவுரை அன்று.

இறக்கத்தில் பாரம் முன்னால் சாய்வதால், உங்களையும் சைக்கிளையும் சேர்த்த எடையில் ஏறத்தாழ பாதி, அதாவது 45 கிலோ, முன்சக்கரத்தின் மேல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 45 பிஎஸ்ஐயில் தரையில் பட்ட பரப்பு சுமார் 14 சதுர சென்டிமீட்டர். அதே டயரில் 28 பிஎஸ்ஐ இருந்திருந்தால் அது சுமார் 23 ஆகியிருக்கும். 22 பிஎஸ்ஐ என்றால் 29, அதாவது இரண்டு மடங்கு. காற்றைத் திறந்துவிடுவதற்கு எந்தக் கடையிலும் காசு வாங்குவதில்லை. அந்தப் பாதையை நானும் அறிவேன்: அடியில் சிமென்ட் போல இறுகிய செம்மண், அதன் மேல் பொடிக்கல். கேழ்வரகைத் தரையில் கொட்டி அதன் மேல் நடப்பதற்கு நிகரானது அது. காற்று நிறைந்த டயர் அந்தப் பொடிக்கல்லின் மேலே உருளும்; காற்றுக் குறைந்த டயர் சற்றே வளைந்து கொடுத்து, கல்லைத் தாண்டி அடியிலுள்ள இறுகிய மண்ணையும் தொடும்.

ட்யூப் போட்ட டயரில் 22 வரை இறங்க வேண்டாம். கல்லில் மோதும்போது ரிம்மும் கல்லும் சேர்ந்து ட்யூபை நடுவில் வைத்து நசுக்கும். பஞ்சர்க் கடையில் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் அருகருகே இரண்டு ஓட்டைகளிலிருந்து குமிழி வரும். எங்கள் தெருக் கடைக்காரர் அதைப் பார்த்ததும் "பாம்பு கடிச்ச மாதிரி இருக்கு சார்" என்பார். உங்கள் எடைக்கு முன்னால் 28, பின்னால் 31 வைத்து, டயரை மாற்றாமலே அதே பாதைக்கு ஒருமுறை போய் வாருங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போவதைப் பற்றிப் பேசலாம்.

10 ஜூலை 2023, மாலை

அளவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கடைக்குப் போனால் "29" என்று மட்டும் கேட்காதீர்கள்; டயரின் பக்கவாட்டில் 57-622 போல ஓர் எண் ஜோடி இருக்கும், அதைப் பாருங்கள். 57 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 622 என்பது டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம். 27.5 என்று விற்பது 584, பழைய 26 இன்ச் மலைச் சைக்கிள் 559. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊரில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கருப்புச் சைக்கிளின் 28 இன்ச் டயர் உட்காரும் விட்டம் 635. ஆக, புதுப் பவிசோடு வந்த 29இன் ரிம், தாத்தா காலத்து 28இன் ரிம்மைவிட 13 மில்லிமீட்டர் சிறியது. வெளி விட்டத்தைத் தோராயமாக அளந்து பெயர் வைத்ததன் விளைவு இது. என் முதல் டயரை வாங்கும்போது இது தெரியாமல், பேரைக் கேட்டு ஒன்றை வாங்கிவந்து அரை மணி நேரம் நெம்பிக்கொண்டிருந்தேன்.

12 ஜூலை 2023

முன்னும் பின்னும் ஒரே டயர் போடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முன்சக்கரம் நழுவினால் மனிதன் விழுவான். பின்சக்கரம் நழுவினால் பெரும்பாலும் சற்றே பயந்துவிட்டு ஓட்டிக்கொண்டு போவான். ஆகவே பிடிப்பை முன்னால் செலவழியுங்கள், வேகத்தையும் உறுதியையும் பின்னால் செலவழியுங்கள்.

டயரின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர்க் கட்டைகளைப் பட்டன் என்றே எழுதுகிறேன்; கடைகளில் அந்தச் சொல்தான் வழங்குகிறது. முன்டயரில் ஓரப் பட்டன்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சைக்கிள் வளைவில் சாயும்போது மண்ணைக் கடிப்பவை அவைதான். மேக்ஸிஸ் மினியன் டிஎச்எஃப் டயரில் நடுப் பட்டன்களுக்கும் ஓரப் பட்டன்களுக்கும் இடையே தெளிவான வாய்க்கால் ஒன்று ஓடும். பாதி சாய்ந்த நிலையில் டயர் அந்த வாய்க்காலின் மேல் இருப்பதால் கொஞ்சம் தயங்குவதுபோல் தோன்றும். துணிந்து மேலும் சாய்த்தால் ஓரப் பட்டன்கள் கவ்விக்கொள்ளும். அஞ்சி அஞ்சிச் சாய்ப்பவருக்கு அந்த டயர் பிடிக்காது. முதல் மாதம் எனக்கும் பிடிக்கவில்லை. பின்னால் நான் போட்டிருப்பது அதே நிறுவனத்தின் 2.25 அளவுள்ள ரெக்கான். நடுப் பட்டன்கள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் தார்ச்சாலையில் இழுவை குறைவு. விட்டோரியா நிறுவனத்தின் டயர்களில் மெஸ்கலும் பின்னால் போடத் தக்கது. அதைவிடச் சற்றுத் திறந்த அமைப்புடைய பார்சோவை முன்னால் போடலாம்.

நான் பணத்தை விட்ட கதை இதுதான். நீலகிரி என்றால் மழை, மழை என்றால் சேறு என்று முடிவுகட்டி, முழுச் சேற்றுக்கென்றே செய்த உயரமான பட்டன் டயர்களை முன்னும் பின்னும் வாங்கிப் போட்டேன். மேட்டுப்பாளையம் வரையிலான தார்ச்சாலையில் அது மாவு மில் போல இரைந்தது. இறுகிய செம்மண்ணில் பட்டன்கள் மண்ணுக்குள் இறங்க முடியாமல் தாமே வளைந்து, பிடிப்பு இருப்பதுபோல் காட்டிவிட்டு வளைவின் நடுவில் கைவிட்டன. உண்மையான சேற்றில் அவற்றை ஓட்டியது, நினைவுகூர்ந்து எண்ணிப் பார்த்தால், மொத்தம் நான்கே நாள்.

13 ஜூலை 2023

9ஆம் தேதி நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு, "அப்படியானால் அகலத்துக்குப் பொருளே இல்லையா" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பொருள் உண்டு, நான் அவசரத்தில் பாதியைத்தான் சொன்னேன். அகல டயரில் ரிம்முக்கும் தரைக்கும் இடையே உயரம் கூடுதல் என்பதால், ரிம் அடிபடாமல் காற்றை இன்னும் குறைக்க முடிகிறது. பரப்பு கூடுவது அந்தக் குறைப்பினால்தான். 2.4 வாங்கிவிட்டு 45 பிஎஸ்ஐ அடித்தால் கையில் மிஞ்சுவது கூடுதல் எடை மட்டுமே. அதே அழுத்தத்தில் அகல டயரின் ரப்பருக்குள் இருக்கும் துணி அதிகமாக விறைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அகலம் கூடக் கூட அழுத்தத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

ரிம்மின் உட்புற அகலத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கள். உங்களுடையது 19 அல்லது 21 மில்லிமீட்டராக இருந்தால் 2.6 டயர் அதன் மேல் குண்டு பல்பைப் போல உட்கார்ந்து, வளைவில் இடுப்பை ஆட்டும். 25 மில்லிமீட்டர் ரிம்முக்கு 2.25 முதல் 2.4 வரை பொருந்தும். பின்புறச் சட்டத்தில் டயருக்கு இருபுறமும் இடைவெளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். களிமண் ஒட்டிய டயர், கடையில் தொங்கும் டயரைவிடப் பருத்தது.

ஒரு சுற்றுவழிச் செய்தி: அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 1933இல் கொண்டுவந்த பலூன் டயரின் அகலம் 2.125 இன்ச். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் மலையிறக்கத்தைத் தொடங்கிய இளைஞர்கள் அந்தப் பழைய சைக்கிள்களைத்தான் தேடிப் பிடித்தார்கள். பிறகு 1990களில் பந்தய மோகத்தில் டயர் ஒல்லியாயிற்று, இப்போது மறுபடியும் பருக்கிறது.

22 ஜூலை 2023

28க்குக் குறைத்துப் போய் வந்ததில் "வேறு சைக்கிள் போல இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்பும் வழியில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தரிசு நிலத்தில் குறுக்கே போய் இரண்டு ட்யூபும் பஞ்சர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ட்யூப்லெஸ் வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு அந்தத் தரிசு நிலமே பதில் சொல்லிவிட்டது.

நெருஞ்சிப் பழத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? காய்ந்ததும் அது ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீண்ட முட்கள் இருப்பதால், எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முள் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சென்ற பிப்ரவரியில் அப்படி ஓர் இடத்தில் முந்நூறு அடி தூரம் ஓட்டிவிட்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்து குறடால் பிடுங்கினேன். பின்டயரில் பதினொன்று, முன்டயரில் ஆறு. நான் ஓட்டுவது ட்யூப்லெஸ்; உள்ளே ட்யூபுக்குப் பதிலாக, ஓட்டையை அடைக்கும் சீலன்ட் என்ற திரவம் இருக்கும். ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் கள்ளிச்செடியைக் கிள்ளியதுபோல் ஒரு வெள்ளைத் துளி எட்டிப்பார்த்து, மெதுவாகச் சீறி, சக்கரத்தைச் சுற்றிவிட்டதும் அடங்கியது. ட்யூப் போட்டிருந்தால் பதினேழு ஒட்டுகள். முள்ளைப் பிடுங்கும்போது ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால் சீலன்ட் தானாக அங்கே வந்து தேங்கும். சீமைக்கருவேல முள்ளும் அடையும், ஆனால் அது உடைந்து உள்ளேயே நின்றுவிட்டால் சிறுகச் சிறுகக் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். டயரைக் கழற்றி உள்ளிருந்து தள்ளியெடுக்க வேண்டும்.

வியாபாரிகள் கிளப்பிவிட்டதா என்றால், மாவிக் நிறுவனம் ஹட்சின்சன், மிஷெலின் ஆகியவற்றுடன் சேர்ந்து 1999இல் யுஎஸ்டி என்ற பெயரில் இதைக் கடைக்குக் கொண்டுவந்தபோது அது விலை மிகுந்ததாகவும் கனமானதாகவும் இருந்தது உண்மைதான். சாதாரண டயருக்குள் சீலன்ட் ஊற்றும் வழக்கம் பரவிய பிறகே அது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டியது.

30 ஜூலை 2023

ட்யூப்லெஸ் போடும் நாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் முதல் நாளைச் சொல்கிறேன், அதில் எல்லாத் தவறுகளும் இருக்கின்றன.

ரிம்மின் உட்புறத்தில் ஸ்போக் ஓட்டைகளை மூட ரிம் டேப் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் ரிம்மை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். நான் வேட்டி முனையால் துடைத்தேன். டேப்பை நன்றாக இழுத்து விறைப்பாகச் சுற்றி, வால்வ் ஓட்டையின் எதிர்ப்புறத்தில் தொடங்கி எதிர்ப்புறத்திலேயே முடிக்க வேண்டும். நான் வால்வ் ஓட்டையிலேயே தொடங்கினேன். டயரின் ஒரு பக்கத்தை ஏற்றி, மறுபக்கத்தில் கடைசி ஒரு சாண் மிஞ்சும்போது சீலன்டை ஊற்றினேன். 29க்கு 2.3 டயர் என்றால் 100 மில்லிலிட்டர் அளவு சரியாக இருக்கும். இதை மட்டும் சரியாகச் செய்தேன்.

பிறகு கைப்பம்பால் அடித்தேன். அடித்த காற்றெல்லாம் ஓரங்களின் வழியே புஸ்ஸென்று வெளியேறியது. முக்கால் மணி நேரம் அடித்ததில் சட்டை நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனைப் பஞ்சர்க் கடைக்குப் போனேன். கம்ப்ரஸர் குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது. என்னுடையதோ மெல்லிய பிரெஸ்டா வால்வ். பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்திருந்தேன் என்பதால் பிழைத்தேன். கடைக்காரர் டயருக்குள் விரலை விட்டுத் துழாவிவிட்டு, "இவ்வளவு விலை குடுத்து வாங்கினீங்க, உள்ள ட்யூப்கூட வெக்கலையே சார்" என்றார். டயரின் இரு ஓரங்களிலும் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகப் பூசச் சொன்னவரும் அவரே. குழாயைப் பொருத்தி ஒரே மூச்சில் காற்று ஏறியதும், தீபாவளி வெடி போல "டப்" என்று ஒரு பக்கம், இரண்டு நொடி கழித்து இன்னொரு "டப்". பக்கத்து டீக்கடையில் ஒருவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே போட்டார்.

டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டினாற்போல் மெல்லிய கோடு ஒன்று வார்ப்பிலேயே இருக்கும். சுற்றிலும் அந்தக் கோடு ரிம்மிலிருந்து ஒரே இடைவெளியில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று பொருள். எங்கேனும் கோடு உள்ளே பதுங்கினால் காற்றை இறக்கிவிட்டு, அங்கே சோப்பு போட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். 40 பிஎஸ்ஐக்கு மேல் அடித்துப் பலாத்காரமாக உட்காரவைக்க முயலாதீர்கள், முகத்தை அருகில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

2 ஆகஸ்ட் 2023

நீங்கள் போட்டது இரவில் 30, காலையில் 9 ஆகிவிட்டது என்கிறீர்கள். சக்கரத்தைத் தண்ணீரில் முக்கியபோது ஒரு ஸ்போக் நிப்பிளிலிருந்து (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டு) குமிழி வந்தது, அந்த இடத்தில் டேப் நன்றாகவே இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த நிப்பிளைப் பார்த்தே இரண்டு நாள் ஏமாந்தேன். ரிம் உள்ளே கூடாக இருப்பதால், டேப் எங்கே கிழிந்திருந்தாலும் காற்று அந்தக் கூட்டுக்குள் ஓடி, எந்த ஓட்டை வசதியாக இருக்கிறதோ அதன் வழியே வெளியேறும். ஓட்டு வீட்டில் மழை ஒழுகும் இடமும் ஓடு உடைந்த இடமும் வேறு வேறாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டேப்பை முழுதுமாக உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். ரிம்மின் உட்புற அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதல் அகலமுள்ள டேப்பாக இருக்க வேண்டும். ஓரங்களில் துளி இடைவெளி விட்டாலும் அழுத்தம் அதைக் கண்டுபிடித்துவிடும்.

3 ஆகஸ்ட் 2023

வால்வ் நட்டைக் குறடால் இறுக்கினேன் என்பதை இன்றுதான் சொல்கிறீர்கள். டேப் கிழிந்தது அங்கேதான். விரலால் மட்டும் இறுக்குங்கள். வழியில் கழற்ற நேர்ந்தால் குறடு எங்கே கிடைக்கும்?

19 ஆகஸ்ட் 2023

காற்று நின்றுவிட்டது என்பதில் மகிழ்ச்சி. ட்யூப்லெஸ்ஸில் முன்னால் 22, பின்னால் 25 என்று தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டே போங்கள். ரிம் கல்லில் தட்டும் ஓசை கேட்டாலோ வளைவில் டயர் மடிவதுபோல் தோன்றினாலோ ஒன்றரை ஏற்றிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். பக்கச்சுவர் தடித்த டயர் 18இலும் கல்லுப்போல் இருக்கும். பெரிய பம்பில் 160 வரை எண் போட்ட வட்ட முள்ளில் 20க்கும் 25க்கும் இடையே ஒரு நகக்கண் அளவுதான் இடைவெளி. தனியாக டிஜிட்டல் அளவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளை ஊட்டிக்குப் போகிறேன் என்கிறீர்கள். கோயம்புத்தூர் வெயிலில் 35 டிகிரியில் 25 வைத்துவிட்டு ஊட்டியில் 12 டிகிரியில் இறங்கினால் காற்று சுருங்கி மூன்று பிஎஸ்ஐ குறைந்துவிடும். ஆகவே 28 வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

20 ஆகஸ்ட் 2023

நேற்று நான் எழுதிய கடைசிப் பத்தியை மறந்துவிடுங்கள். இயற்பியல் கற்பிக்கும் ஒருவர் வந்து, "குளிரைக் கணக்கெடுத்த நீங்கள் உயரத்தை மறந்துவிட்டீர்களே" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அளவி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை. கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14 பிஎஸ்ஐ. அளவி 25 காட்டினால் உள்ளே உண்மையில் இருப்பது 39. வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்துக்கொண்டால் 308இலிருந்து 285க்கு இறங்குகிறது. உள்ளே 39 என்பது 36 ஆகிறது. மூன்று குறைவது சரிதான். ஆனால் ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 11.2 மட்டுமே. 36இலிருந்து 11.2 போனால் மிஞ்சுவது ஏறத்தாழ 25. குளிர் எடுத்ததை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது!

ஆக, என் பேச்சைக் கேட்டு 28 வைத்துப் போனவர் ஊட்டியிலும் கிட்டத்தட்ட 28உடன்தான் ஓட்டியிருப்பார். பந்து போலத் துள்ளியது என்ற உங்கள் புகார் நியாயமானது, பழி என்னுடையது. விடியற்காலை 22 டிகிரியில் காற்றடித்துவிட்டுக் கிளம்பினால் குளிரின் பங்கு குறைந்து உயரத்தின் பங்கு மேலோங்கும். மேலே போனதும் ஒரு பிஎஸ்ஐ கூடியே இருக்கும்.

17 செப்டம்பர் 2023

சீலன்ட் விலையைப் பார்த்துவிட்டு, ரப்பர்ப்பாலையே ஊற்றினால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர் கிடைப்பது அரிது. எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு இன்றும் ரப்பர் மரங்கள் இருக்கின்றன. முதன்முதலாகச் சீலன்ட் புட்டியைத் திறந்தபோது மூக்கில் ஏறிய அந்த அம்மோனியா நெடி, சிறுவயதில் பால் சேகரிக்கும் பீப்பாய்களின் அருகே நின்ற விடியற்காலைகளை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியது. பல சீலன்ட்களின் அடிப்படை அதே ரப்பர்ப்பால்தான். உறையாமல் இருக்க அம்மோனியா, ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ள நுண்ணிய துகள்கள், விரைவில் உலராமலிருக்க வேறு ஏதேதோ.

கேள்வி கேட்டவரைப் போலவே நானும் ஒருமுறை ஊரிலிருந்து அரை லிட்டர் பால் கொண்டுவந்தேன். அம்மோனியா சேர்க்காத பால் சில மணி நேரத்தில் தானே திரிந்துவிடும் என்பது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமலில்லை, சேர்த்துத்தான் கொண்டுவந்தேன். முதல் வாரம் நன்றாக ஓடியது. இரண்டாம் வாரம் சக்கரம் ஒரு பக்கம் கனத்து, சுற்றிவிட்டால் ஊசலைப் போல ஆடி அந்தப் பக்கமே கீழே வந்து நின்றது. திறந்து பார்த்தால் பால் வடியும் சிரட்டையின் அடியில் உறைந்து படியும் ஒட்டுப்பாலைப் போல ஒரே இடத்தில் திரண்டு கிடக்கிறது. நெருஞ்சி ஓட்டைகளில் பாதிதான் அடைந்திருந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "ரப்பர் ஷீட்டடிக்க வேண்டிய பால சைக்கிளுக்கு ஊத்தினா பின்ன என்ன ஆகும்" என்றார்.

கார்பன் டை ஆக்சைடு குப்பியால் காற்றடித்தாலும் பல சீலன்ட்கள் உறைந்து கட்டியாகும். வழியில் அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். வீட்டுக்கு வந்ததும் சீலன்டைப் பார்த்துவிடுங்கள்.

5 நவம்பர் 2023

வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரமாக ஈரத்தில் ஓட்டியதில், ஜூலை 12 அன்று எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டியிருக்கிறது. அன்று பட்டன்களின் வடிவத்தைப் பற்றியே பேசினேன். ரப்பரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

தைலமரத் தோப்பின் ஓரமாக இறங்கும் பாதையில் ஈரமான வேர்கள் குறுக்கே ஓடுகின்றன, அவற்றின் மேல் நனைந்த இலைகள் படிந்திருக்கின்றன. வேருக்குள் எந்தப் பட்டனும் இறங்காது. அங்கே பிடிப்பது ரப்பரின் மென்மை ஒன்றே. நண்பர் ஒருவரும் நானும் ஒரே டயரை, ஒரே அழுத்தத்தில், ஆனால் இரண்டு வேறு ரப்பர்க் கலவைகளில் முன்னால் போட்டுக்கொண்டு, அதே வேரின் மேல் மாறி மாறி ஓட்டிப் பார்த்தோம். கடினமான கலவை சோப்புக் கட்டியாக வழுக்கியது. மென்மையானது சற்றே தயங்கிவிட்டு நின்றது. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 60 என்றால் கடினம், 50 என்றால் நடுத்தரம், 42 என்றால் விரல் நகம் பதியும். மென்மையானது தார்ச்சாலையில் அழிரப்பர் போலத் தேய்ந்துபோகும் என்பதால் அதை முன்னால் மட்டும் போடுங்கள்.

அந்த வேர்களில் பிரேக்கைத் தொடாமல், சக்கரத்தை வேருக்குக் குறுக்காக நேரே நிறுத்திக் கடக்க வேண்டும். இதை எந்த டயரும் நமக்காகச் செய்யாது. சென்ற சனிக்கிழமை நான் பிரேக்கைத் தொட்டேன். தேயிலைச் செடி மெத்தையைப் போலத் தோன்றும், விழுந்தால்தான் அதன் கிளைகள் எவ்வளவு விறைப்பு என்பது தெரியும்.

6 நவம்பர் 2023

டயர்த் துணியின் நூல் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டவருக்கு: துணியில் இன்ச்சுக்கு 120 நூல் என்றால் இழை மெல்லியது, டயர் இலகுவாக வளைந்து கொடுக்கும், 60 என்றால் இழை தடித்தது, கல்லுக்கும் வெட்டுக்கும் கூடுதலாகத் தாங்கும். முள்ளும் கூர்ங்கல்லும் மிகுந்த நம் பாதைகளுக்குப் பின்னால் 60ஐயே வைத்திருக்கிறேன். சில நிறுவனங்கள் பல அடுக்குகளின் நூலைக் கூட்டிச் சொல்வதால், இந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு நிறுவனங்களின் டயர்களை ஒப்பிட வேண்டாம்.

14 ஜனவரி 2024

நீங்கள் கடைசியில் முன்னால் 2.4, பின்னால் பழைய 2.1ஐயே வைத்துக்கொண்டு ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய டயர் தேயும் வரை அதுவே போதும். பிறகு முன்டயரைப் பின்னால் மாற்றிவிட்டு முன்னால் புதியது போடுங்கள். மாற்றும்போது பக்கவாட்டு அம்புக்குறியைப் பாருங்கள். நான் பொங்கலுக்கு முன் சுத்தம் செய்கிறேன் என்று நேற்று இரண்டையும் கழற்றி மாட்டி, இன்று காலைதான் பின்டயரின் அம்பு பின்னோக்கி இருப்பதைக் கண்டேன். இழுவையில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை, இருந்தாலும் கண்ணை உறுத்துகிறது.

கழற்றியபோது சீலன்ட் முழுதும் உலர்ந்திருந்தது; சமவெளி வெயிலில் மூன்று மாதம் தாங்கினாலே பெரிது. டயரின் உட்சுவரில் பாலாடை போலப் படிந்திருந்ததை உரித்து, கைக்குள் வைத்து உருட்டியதில் நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை கிடைத்தது. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "ஒட்டுப்பால் இப்ப கிலோ என்ன வெலைக்கு எடுக்கிறான்னு தெரியுமா?" என்று கேட்டுப் பதில் வந்தது. எடை போட்டுப் பார்த்தேன், 18 கிராம்.